உளநல நெருக்கடித் தொலைபேசிச் சேவையை ஒருங்கிணைத்தல்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலோ அம்பாறையின் கரையோரத்திலோ ஒரு தொண்டு நிறுவனமோ, சமய அமைப்போ, மாணவர் ஒன்றியமோ நடத்துகின்ற சிறிய உதவித் தொலைபேசிச் சேவையின் பொறுப்பை ஏற்கப் போகிறவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. தேசிய மட்டத்தில் 1926 என்ற இலக்கத்தைத் தேசிய மனநல நிறுவகம் நடத்துகிறது. 1974இல் தொடங்கிய சுமித்ரயோ இலங்கையில் இப்பணியின் மூத்த அமைப்பு. இவை இருக்கும்போது ஊர் மட்டத்தில் இன்னொரு இலக்கம் எதற்கு என்று உங்களிடம் கேட்பார்கள். மண்டூரிலிருந்து இரவு பத்து மணிக்குப் பேசுகிற ஒருவர், விடிந்ததும் எந்த வழியால் எந்த வைத்தியசாலைக்குப் போய் யாரைக் காண வேண்டும் என்பதை அந்த நிலத்தை அறிந்தவரே சரியாகச் சொல்ல முடியும் என்பதுதான் அதற்கு நான் தரும் பதில். தொலைபேசியில் செவிமடுப்பவர் ஒருவர். அவர் அனுப்பி வைக்கும் இடத்தில் உண்மையிலேயே ஓர் ஆள் இருப்பதை உறுதி செய்பவர் ஒருங்கிணைப்பாளர். அந்த உறுதி இல்லாத சேவை எவ்வளவு கனிவாகப் பேசினாலும், அழைத்தவரை இரண்டாவது முறையும் தனியே விட்டுவிடுகிறது.

முதற்படி: அனுப்பும் இடங்களை நேரில் அறிதல்

இலக்கத்தை அறிவிப்பதற்கு முன், இந்த வேலைக்கென்று குறைந்தது இரண்டு மாதங்களை ஒதுக்குங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகள், கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும், தெற்கே அக்கரைப்பற்று, திருக்கோவில் என ஒவ்வோர் இடத்துக்கும் நேரில் செல்ல வேண்டும். அங்கே உளநலக் கிளினிக் எந்த நாட்களில் நடைபெறுகிறது, துண்டு எடுப்பதற்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், முதன்முறை வருபவர் வெளிநோயாளர் பிரிவினூடாகத்தான் வர வேண்டுமா, கிளினிக் இல்லாத நாளில் வருபவரை யார் பார்ப்பார் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உளநலப் பிரிவின் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஊரார் நிறைந்திருக்கும் வரிசையைக் கடந்து போக வேண்டியிருந்தால், அதை முன்கூட்டியே அறிந்திராத ஒருவர் பாதி வழியில் திரும்பி விடுவார்.

அம்பாறை மாவட்டத்தில் பணியாற்றுவோர், மாவட்ட எல்லையும் சுகாதாரப் பிராந்திய எல்லையும் ஒன்றல்ல என்பதை மனத்தில் இருத்த வேண்டும். கரையோரப் பகுதி கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் கீழ் வருகிறது. உகன, மகாஓயா போன்ற பகுதிகள் அம்பாறைப் பிராந்தியத்துக்கு உரியவை. ஓர் அழைப்பை எந்த அலுவலகத்துக்குத் தெரிவிப்பது என்ற கேள்வி நள்ளிரவில் எழக் கூடாது.

பின்னர் பிரதேச செயலகங்கள். உளவளத்துணை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் விடயங்களுக்குப் பொறுப்பானவர் ஆகியோரைச் சந்தித்து, உங்கள் சேவையிலிருந்து ஒருவர் வந்தால் எப்படி வரவேற்பார்கள் என்று கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் குடும்ப நல உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போகிறவர்கள். பிள்ளை பெற்ற பின் மனம் சோர்ந்திருக்கும் தாய்மாரை அவர்களே முதலில் காண்பார்கள். வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, பொலிஸ் அவசரத்துக்கு 119, இலவச அம்புலன்சுக்கு 1990 ஆகிய இலக்கங்கள் பட்டியலின் தலைப்பில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

வழியும் நேரமும் இல்லாத முகவரியால் பயனில்லை. மண்டூரில் இருப்பவருக்குக் களுவாஞ்சிகுடி வைத்தியசாலை நேரெதிரே, வாவிக்கு அப்பால்தான் இருக்கிறது. ஆனால் இருட்டிய பின் குருமண்வெளிப் பாதையை, அதாவது வாவியைக் கடக்கும் மிதவையை, நம்பி ஒருவரை அனுப்ப முடியாது. வெல்லாவெளி, போரதீவு வழியாகப் பட்டிருப்புப் பாலத்துக்குச் சுற்றித்தான் வர வேண்டும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் பல ஊர்களில் யானைக்குப் பயந்து மாலைக்குப் பின் யாரும் மோட்டார் சைக்கிளில் இறங்குவதில்லை. மார்கழி, தை மழையில் சில வீதிகள் நாட்கணக்கில் நீருக்குள் கிடக்கும். ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் பகல் வழி, இரவு வழி, வெள்ள வழி என மூன்றையும் எழுதி வையுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும், நம்பிக்கையான ஆட்டோக்காரர் ஒருவரின் இலக்கமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

கிட்டிய வைத்தியசாலையே எப்போதும் பொருத்தமானது என்றும் எண்ண வேண்டாம். சாய்ந்தமருதிலோ காரைதீவிலோ உள்ள ஒருவர், தன்னை அறிந்த தாதியர் இருக்கும் கல்முனைக்குப் போவதைவிட, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தாண்டி மட்டக்களப்புக்குப் போக விரும்பக் கூடும். அந்த விருப்பம் நியாயமானது. அதை மதித்து வழி சொல்லுங்கள்.

இந்தப் பட்டியலை மாதம் ஒரு முறை ஒவ்வோர் இலக்கமாக அழைத்துச் சரிபார்க்க வேண்டும். இடமாற்றம் நம் அரச சேவையில் அன்றாட விடயம். மாசியில் பேசிய உத்தியோகத்தர் வைகாசியில் அங்கே இருக்க மாட்டார்.

இரண்டாம் படி: செவிமடுப்போரைத் தெரிவு செய்தலும் பயிற்றுதலும்

புத்தி சொல்வதில் விருப்பமுள்ளவர்கள் அதிகம் முன்வருவார்கள். அவர்கள் நல்லவர்கள், ஆயினும் இந்த வேலைக்கு உடனே பொருந்த மாட்டார்கள். நேர்முகத்தில் ஒரு சூழ்நிலையைக் கொடுத்து ஐந்து நிமிடம் பேச விடுங்கள். எதிரே இருப்பவர் அழும்போது பேசாமல் இருக்க முடிகிறதா என்பதே முதற் சோதனை. அண்மையில் தம் வீட்டில் ஒருவரை உயிர்மாய்ப்பில் இழந்தவர்களை அன்போடு காத்திருக்கச் சொல்லுங்கள். நம் பகுதியில் போரும், 2004 ஆழிப்பேரலையும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் தொடாத குடும்பங்கள் குறைவு என்பதால், பழைய இழப்பு உள்ளவர்களையெல்லாம் விலக்கினால் ஆளே மிஞ்சாது. எந்தப் பேச்சு தம்மை உலுக்கும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

குழுவில் தமிழரும் முஸ்லிம்களும், ஆணும் பெண்ணும் இருக்க வேண்டும். அம்பாறையில் சிங்களம் பேசக் கூடிய ஒருவராவது அவசியம். பயிற்சியை அருகிலுள்ள உளநலப் பிரிவின் வைத்தியர், உளசமூகப் பணியாளர் ஆகியோரின் துணையுடன் நடத்துங்கள். பயிற்சியில் பெரும்பகுதி நடித்துப் பார்ப்பதாகவே இருக்கட்டும், அதுவும் அவரவர் வீட்டில் பேசும் தமிழில். மேடைத் தமிழில் ஆறுதல் கேட்க யாரும் தொலைபேசி எடுப்பதில்லை.

கடமைப் பட்டியல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு முறைக்கு நான்கு மணித்தியாலம் போதும். எப்போதும் இருவர் இருக்க வேண்டும், ஏனெனில் ஒருவர் அழைப்பில் இருக்கும்போது மற்றவர் 1990க்குப் பேச வேண்டி வரலாம். இரவுக் கடமைக்கு வரும் பெண்களுக்கு வீடு வரை போக்குவரத்து ஏற்பாடு செய்ய முடியாவிட்டால், இரவுச் சேவையை ஆரம்பிக்காமல் 1926ஐ அறிவிப்பதே நேர்மை. ஒருங்கிணைப்பாளரோ அவரது பதிலாளரோ எல்லா நேரமும் எட்டக் கூடியவராக இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: அழைப்பு

அழைப்பவர் பெரும்பாலும் சாவைப் பற்றி நேரடியாகத் தொடங்குவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, நித்திரை இல்லை, ஒரே யோசினையாக இருக்கிறது, தலைக்குள் ஏதோ இரைகிறது என்று உடம்பிலிருந்து தொடங்குவார்கள். நுண்கடன் தவணைக்கு ஆட்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பது, மத்திய கிழக்கிலிருந்து வந்த பணம் கரைந்து போனது, மகளின் சீதன வீடு பாதியில் நிற்பது என வேறு கதைகளினூடாக வருவார்கள். அந்தக் கதைகளுக்குத் தீர்வு சொல்ல அவசரப்படாமல், அவற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

கேட்க வேண்டிய வேளையில் நேராகக் கேட்க வேண்டும். "உங்களுக்குச் சாக வேணும் எண்ட யோசினை வந்திருக்கா?" என்று அமைதியான குரலில் கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது, ஆய்வுகளும் அப்படித்தான் காட்டுகின்றன. "தவறான முடிவு ஒண்டும் எடுக்க மாட்டீங்கதானே?" என்று கேட்டால், எதிரே இருப்பவர் "இல்ல" என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லாமல் போகிறது. நாளிதழ்களில் நாம் நாளும் காணும் அந்தச் சொற்றொடர் அழைப்பவரின் வாயை அடைத்துவிடும். உயிர்மாய்ப்பைப் பெரும்பாவமாகக் கருதும் சமூகங்களில், அந்த எண்ணம் வந்ததையே சொல்ல வெட்கப்படுவோர் பலர். அவர்களிடம் மார்க்கமோ சமயமோ போதிக்காமல், "இப்படி வேதனைப்படுகிற பலருக்கு இந்த யோசினை வாறதுதான்" என்று சொல்லி வழி திறக்க வேண்டும்.

எண்ணம் உண்டென்று சொன்னால், அடுத்தடுத்து அறிய வேண்டியவை: எப்படி என்று திட்டமிட்டிருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இன்றா நாளையா என்ற நேரம் மனத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, இப்போது குடித்திருக்கிறாரா, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். இவற்றைப் படிவம் நிரப்புவது போலக் கேட்கக் கூடாது. பேச்சின் ஓட்டத்திலேயே கேட்க வேண்டும்.

பொருளை அப்புறப்படுத்துவது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1995 அளவில் இலங்கையின் உயிர்மாய்ப்பு வீதம் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47ஆக இருந்து, உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டது. அதன் பின்னான 10 ஆண்டுகளில் அது பாதியளவாகக் குறைந்தது. அதிக நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தமை அதற்கு முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மனிதரின் துன்பம் ஒரே நாளில் குறைந்துவிடவில்லை. அந்தக் கொடிய நேரத்தில் கைக்கெட்டிய பொருள் மாறியது, பலர் உயிர் தப்பினார்கள். வேளாண்மைக் குடும்பங்கள் நிறைந்த நம் இரு மாவட்டங்களிலும், "வீட்டில இருக்கிற கிருமிநாசினிப் போத்தலை இண்டைக்கே பக்கத்து வீட்டுக்குக் குடுத்து வைக்க ஏலுமா? ஆரிட்டக் குடுக்கலாம்?" என்று கேட்டு, ஒரு பெயர் வரும் வரை அந்தப் பேச்சைத் தொடர வேண்டும். அழைப்பவரே அதைத் தொடாமல் வேறொருவர் எடுத்துச் செல்வது மேலும் நல்லது.

அழைப்பை முடிக்கும் முன், இன்றிரவு மனம் மீண்டும் கனத்தால் முதலில் என்ன செய்வார், யாரிடம் போய் இருப்பார், யாரை அழைப்பார் என்பவற்றை அழைப்பவரின் வாயாலேயே சொல்ல வைத்து, முடிந்தால் ஒரு துண்டில் எழுத வையுங்கள். நாம் சொல்லிக் கொடுத்ததைவிட, "சின்னம்மாட வீட்ட போய்ப் படுப்பன்" என்று அவர் தானாகச் சொன்னதே நடக்கும்.

நான்காம் படி: உயிராபத்து

அழைப்பவர் ஏற்கெனவே எதையோ உட்கொண்டுவிட்டதாகச் சொன்னால், செவிமடுப்பவர் இணைப்பைத் துண்டிக்காமல் பேச்சைத் தொடர, மற்றவர் வேறு தொலைபேசியில் 1990ஐ அழைக்க வேண்டும். அம்புலன்சுக்கு ஊரின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. புதுக்குடியிருப்பு மட்டக்களப்பிலும் உண்டு, முல்லைத்தீவிலும் உண்டு. மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கோயில் அல்லது பள்ளிவாசல் போன்ற அடையாளம், வீதியில் நின்று கை காட்டக் கூடிய ஒருவரின் இலக்கம் என்ற ஒழுங்கில் சொல்லுங்கள். சவர்க்காரத் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம் என்று வீட்டாருக்கு உறுதியாகக் கூற வேண்டும். போத்தலையோ மாத்திரை அட்டையையோ வைத்தியசாலைக்குக் கொண்டு போகச் சொல்ல வேண்டும். "இப்ப ஒண்டும் செய்யல்ல, சுகமாத்தான் இருக்கு" என்று அவர் சொன்னாலும் போகத்தான் வேண்டும், ஏனெனில் சில பொருட்களின் தாக்கம் பல மணி நேரம் கழித்தே தெரியும்.

வைத்தியசாலைக்குப் போனால் பொலிஸ் பிடிக்கும் என்ற பயம் இன்றும் எம் மக்களிடம் உண்டு. உயிர்மாய்ப்புக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. இதைச் செவிமடுப்பவர் ஒவ்வொருவரும் தயக்கமின்றிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அழைப்பவர் இருக்கும் இடத்தை உங்கள் சேவையால் தானாகக் கண்டறிய முடியாது. ஆகவே ஆபத்து தெரிந்த கணமே, "நீங்க இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். இரகசியம் எந்த இடத்தில் உடைக்கப்படும் என்பதையும், அதாவது உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போதும் ஒரு பிள்ளை துன்புறுத்தப்படும்போதும் மட்டும் என்பதையும், விளம்பரத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

ஐந்தாம் படி: இரகசியம், மீள அழைத்தல், பதிவேடு

கொழும்பில் இருக்கும் ஒரு சேவைக்கு இல்லாத இடர் நமக்கு உண்டு: இங்கே குரலைக் கேட்டே குடும்பத்தைச் சொல்லிவிடுவார்கள். "நீங்க அந்த டீச்சர்ர மகள்தானே?" என்று அழைப்பவர் கேட்கும் நேரம் நிச்சயம் வரும். மறுத்துப் பொய் சொல்லவும் வேண்டாம், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "நாங்க ஆரும் பேர் சொல்றதில்ல. ஆனா உங்களுக்கு என்னோட கதைக்க வசதியில்லாட்டி, வேற ஒருத்தர இப்பவே தாறன்" என்பது போதும். செவிமடுப்பவர் அழைப்பவரை அடையாளம் கண்டுகொண்டால், அதை ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும் அன்றே சொல்ல வேண்டும். அதன்பின் கலியாண வீட்டிலோ சந்தையிலோ அவரைக் கண்டால் வழமையை மீறி நலம் விசாரிக்கக் கூடாது. ஒரு கூடுதல் விசாரிப்பே எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும்.

ரீலோட் இல்லாதவர்கள் மிஸ்ட் கோல் கொடுப்பார்கள். உடனே திருப்பி எடுக்க மனம் உந்தும், ஆனால் அந்தத் தொலைபேசி யாருடைய கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்கு ஒரு தொலைபேசி என்றிருக்கும் இடங்களில், மனைவி கணவரின் தொலைபேசியிலிருந்தும் பிள்ளை தகப்பனின் தொலைபேசியிலிருந்தும் அழைப்பது வழமை. திருப்பி அழைக்கும்போது எதிர்முனையில் வேறு யாரும் எடுத்தால் சேவையின் பெயரைச் சொல்லாமல், "இலக்கம் மாறி எடுத்திட்டன் போல" என்று வைத்துவிட வேண்டும். பேசிய பின் மீள அழைக்க நேர்ந்தால், எந்த நேரம் அழைக்கலாம், வேறு ஆள் எடுத்தால் என்ன சொல்லலாம் என்று முன்பே கேட்டு வையுங்கள். பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து நம் இலக்கத்தை அழிக்குமாறு சொல்வது, வன்முறையுள்ள வீட்டில் வாழும் பெண்ணுக்கு உயிர்ப் பாதுகாப்பு.

பதிவேட்டில் பெயர் வேண்டாம். தொடரிலக்கம், திகதி, நேரம், பால், வயதுப் பிரிவு, பிரதேச செயலகப் பிரிவு, ஆபத்தின் அளவு, அனுப்பிய இடம் ஆகியன போதும். கிராமத்தின் பெயரை எழுதாதீர்கள். இருநூறு குடும்பங்கள் உள்ள ஊரில் "35 வயது, கணவர் கட்டாரில்" என்ற குறிப்பே முகவரியாகிவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவுகளை விசேட வகையாகக் கருதுகிறது. நிதி தருபவர்கள் கதைகளைக் கேட்டாலும் எண்களை மட்டுமே கொடுங்கள்.

ஆறாம் படி: வேறு வகை அழைப்புகள்

பேசாமல் மூச்சுச் சத்தம் மட்டும் வரும் அழைப்பை உடனே வைத்துவிடக் கூடாது. "நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கன், ஆறுதலாச் சொல்லுங்க" என்று இடையிடையே சொல்லிக்கொண்டு சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஆபாசமாகப் பேசுவோரிடம் ஒரு முறை எச்சரித்துவிட்டு வைத்துவிடலாம். இளம் தொண்டர்கள் அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் அழைப்பவர்களுக்கு, அவர்களோடு பேசி ஒத்துக்கொண்ட ஒரு நேரமும் கால அளவும் வையுங்கள். அவர்களைத் தொல்லையாகக் கருதும் மனநிலை குழுவில் தலைகாட்டினால் அன்றே பேசித் தீர்த்துவிடுங்கள், ஏனெனில் அவர்களுக்கும் ஒரு நாள் உண்மையிலேயே நெருக்கடி வரும்.

சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலை செய்யும் பெண்கள் இமோவிலும் வாட்ஸ்அப்பிலும் அழைப்பார்கள். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. அவர்களது வேலை முடிந்து வீடு அடங்கும் நேரம் இங்கே நடுநிசியைத் தாண்டியிருக்கும். அவர்களுக்கு 1990 பயன்படாது. அந்தந்த நாட்டின் இலங்கைத் தூதரக இலக்கத்தையும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தொடர்பையும் பட்டியலில் வைத்திருங்கள். லண்டனிலோ கனடாவிலோ இருந்து, "அம்மா தனிய இருக்கிறா, கதையே ஒரு மாதிரி இருக்கு" என்று பிள்ளைகள் அழைப்பதும் உண்டு. அப்போது அம்மாவுக்கு நாமாகத் திடீரென அழைப்பதைவிட, அவருக்கு நம்பிக்கையான ஓர் அயலவரை அவரிடம் அனுப்பி, அவர் விரும்பினால் நம்மோடு பேச வைப்பதே நன்று.

ஏழாம் படி: செவிமடுப்போரைக் காத்தல்

கடினமான அழைப்புக்குப் பின் யாரும் பேசாமல் வீடு போகக் கூடாது. பதினைந்து நிமிடம் ஒருங்கிணைப்பாளருடன் இருந்து, என்ன நடந்தது, எது மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டே போக வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை வெளியாள் ஒருவர், இயன்றால் உளநலப் பிரிவைச் சேர்ந்தவர், குழுவை மேற்பார்வை செய்யட்டும். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். ஆழிப்பேரலையையும் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலையும் நினைவூட்டும் மார்கழி 26, சித்திரை 21 ஆகிய நாட்களில் கடமைக்கு வருவதா இல்லையா என்பதைத் தொண்டர்களே தீர்மானிக்கட்டும்.

பேசிய ஒருவர் பின்னர் இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரு நாள் வரக்கூடும். நம் ஊர்களில் அது முகநூலில், படத்தோடும் வீட்டு முகவரியோடும், உங்களுக்கு முன்பே தொண்டருக்குக் கிடைத்துவிடலாம். ஆகவே செய்தி தெரிந்த உடனேயே அந்த அழைப்பை ஏற்றவரை நேரில் சந்தியுங்கள், தொலைபேசியில் சொல்லாதீர்கள். யார் தவறு என்ற விசாரணையை அன்று நடத்த வேண்டாம். பதிவேட்டைப் பிரித்துப் பார்க்க இரண்டு வாரங்கள் கழிந்த பின்னும் நேரம் இருக்கிறது. அப்போதும் பார்க்க வேண்டியது அனுப்பிய வழி திறந்திருந்ததா என்பதையே. அழைப்பை ஏற்ற தொண்டர் மரண வீட்டுக்குப் போக விரும்பினால், சேவையின் பெயரில் போகாமல் ஊர் வழக்கப்படி அயலவராகப் போகலாம். அந்த வீட்டாரில் யாரேனும் பின்னர் நம் இலக்கத்தை அழைத்தால், அவரை வேறொரு செவிமடுப்பவரே ஏற்க வேண்டும்.

எட்டாம் படி: சேவை இடைநிற்கும் வேளை

வெள்ளத்தில் அலுவலகம் மூழ்கினாலோ, நிதி முடிந்தாலோ, ஆட்கள் குறைந்தாலோ சேவையை நிறுத்த வேண்டி வரலாம். அப்படி நேரும்போது இலக்கத்தைச் சத்தமின்றி அணைத்துவிடாதீர்கள். சிம்மைக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு உயிருடன் வைத்து, அழைப்புகள் 1926க்குப் போகுமாறு திருப்பிவிடுங்கள். திருப்ப முடியாவிட்டால் அந்த இலக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் மெதுவாகச் சொல்லும் பதிவுக் குரலை வையுங்கள். வைத்தியசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் ஒட்டிய சுவரொட்டிகளை ஆள் அனுப்பிக் கழற்றுங்கள். ஒழுங்காக அழைத்து வந்தவர்களிடம், எந்தத் திகதியிலிருந்து நாம் இருக்க மாட்டோம், அதற்குப் பின் யார் இருப்பார் என்பதை முன்கூட்டியே, குறைந்தது மூன்று அழைப்புகளில் சொல்லுங்கள். பதிவேடுகளை இரு பொறுப்பாளர்கள் முன்னிலையில் எரித்துவிட்டு, எரித்த திகதியை நிறுவனத்தின் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.